தப்பாகப் பாடிய நாலு சுரம்

விவேக் நகர்,
பெங்களூரு - 47.
ஞாயிற்றுக்கிழமை மாலை

மதிப்பும் அன்பும் நிறைந்த ராஜலக்ஷ்மி அக்காவுக்கு,

விவேக் நகரிலிருந்து பவுலின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் நன்றாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்காலைத் தவிர. அங்கே புனேயில் நீங்களும் உங்கள் தம்பி வெங்கடசுப்ரமணியன் சாரும் வீட்டாரும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது குழந்தை இயேசுவிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்காகக் கேட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உறையின் மேல் அனுப்புநர் இடத்தில் அல்சூர் அம்புஜம் மாமியின் பெயரைப் பார்த்துப் பிரித்திருப்பீர்கள். உள்ளே நான் இருப்பதைப் பார்த்து எரிச்சல் வந்திருக்கும். என் பெயரைப் போட்டால் பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் மாமியிடம் கேட்டுக்கொண்டுதான் அப்படிச் செய்தேன். மாமி உங்கள் எதிர்வீட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் தபால்களையும் உங்கள் வயலினையும் காவல் காக்கிறார். வயலினைக் கற்றுக்கொள்கிற பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனீர்களாம். மாமி இன்னும் கொடுக்கவில்லை. நீங்களாக எழுதிக் கேட்கிறவரை கொடுக்கவும் மாட்டாராம்.

போனில் உங்கள் படம் மறைந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் அனுப்பியதற்கெல்லாம் ஒரே ஒரு டிக்தான் விழுகிறது. டைரக்டர் மஞ்சுநாத் சாருக்கும் அப்படித்தானாம், பாட்டுக்கு மெட்டுப் போட்ட கவினுக்கும் அப்படித்தானாம். அதனால்தான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் தடவையாக இவ்வளவு நீளமாகப் பேனா பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் படம் வெள்ளிக்கிழமை வெளியாகிவிட்டது. நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது போல உங்கள் இசையை அவர்கள் தூக்கி எறியவில்லை. மனைவி இறந்த பிறகு அந்த ஆட்டோக்காரன் வீட்டுக்கு வந்து, அவள் காலையில் துவைத்துக் காயப்போட்டுப் போன துணிகளைப் பார்க்கிற காட்சியில், மூன்று நிமிடமும் நீங்கள் எழுதியதுதான் ஓடுகிறது. ஒரு இடம்கூட வெட்டவில்லை. டைட்டிலில் ‘பின்னணி இசை: ராஜலக்ஷ்மி’ என்று தனியாகப் பெரிதாக வருகிறது. ‘பாடல்கள்: கவின்’ என்பது அதற்கு அடுத்ததாக வருகிறது. நான் படித்தது போதாதென்று அவரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார்.

இது எப்படி நடந்தது என்று சொல்லுமுன் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தபோது சொல்லவில்லை. சொல்லவேண்டிய நேரத்தில் வேறு ஒன்றைச் செய்தேன். அதற்கும் வருகிறேன்.

முப்பத்தொரு வருஷமாகக் கோவில் பாடகர் குழுவில் நான் அடிக்குரல். மேலே ராகம் எடுக்கிறவர்களுக்குத்தான் பெயர். நாங்கள் இரண்டு மூன்று பேர் கீழே நின்று தாங்கிக்கொண்டிருப்போம். நாங்கள் பாடாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள், பாடினால் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பூசை வீடியோவில்கூட என் தலைதான் தெரியும், குரல் தெரியாது. நீங்கள் போன வருஷம் கவினோடு எங்கள் பயிற்சிக்கு வந்து கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். படத்துக்கு ஹம்மிங் பாட ஆறு பெண்கள் வேண்டும் என்று கவின் முன்பே சொல்லியிருந்ததால் எல்லாரும் அன்று நல்ல புடவையில் வந்திருந்தோம். பாட்டு முடிந்ததும் நீங்கள் எழுந்து, “கீழ ஒரு குரல் போச்சே, அது யாருது?” என்று கேட்டீர்கள். எங்கள் மாஸ்டரே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் என்னைக் காட்டினார். அன்று நான் கடைக்குத் திரும்பி வந்து இருபது ரூபாய் மெழுகுவத்தி கேட்டவருக்கு ஐம்பது ரூபாய் மெழுகுவத்தியைக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு அந்த எஸ் ஆர் எம் டி. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் கூச்சமும் சேர்ந்து வருகிறது. பதிவுக்கு முந்தின நாள் நேரமில்லை என்று வாட்ஸ்அப்பில் நான்கே நான்கு ஆங்கில எழுத்தை அனுப்பி, “இதைத்தான் நீங்க தனியா பாடணும், மெதுவா” என்று குரல் செய்தி போட்டீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ பஸ் கம்பெனி பெயர் மாதிரி இருக்கிறதே என்றார். எனக்குக் குழப்பமே வரவில்லை. எங்கள் மாஸ்டர் முப்பத்தொரு வருஷமாக டோ ரே மி ஃபா சோ லா டீ என்பதை முதல் எழுத்தாகத்தான் கரும்பலகையில் எழுதுகிறார். எஸ் என்றால் சோ. ஆர் என்றால் ரே. எம் மி. டி டோ. நான் அப்படியே பாடிப் பார்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

உங்களுக்கு எஸ் என்றால் ச. எம் என்றால் ம. டி என்றால் த. நீங்கள் எழுதியது ச ரி ம த என்று மேலே ஏறிப் போகிற ஒன்று. ஆர் ஒன்றுதான் நம் இரண்டு பேருக்கும் பொது. ஒரு எழுத்து பொதுவாக இருந்ததை நம்பி நான் மைக்குக்கு முன்னால் வந்து நின்றேன் அக்கா.

காதில் உங்கள் வயலின்கள் ஒரு பக்கம் போயின, என் குரல் வேறு பக்கம் போயிற்று. அது எனக்கே தெரிந்தது. சினிமாவுக்கு இப்படித்தான் இருக்கும் போல என்று துணிந்து நான்கையும் பாடி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் நாகேஷ் தலையை மேஜையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். “மேடம், இது கெடியாரம் அடிக்கறது” என்று அவர் மைக்கில் சொன்னது எங்கள் ஆறு பேர் காதிலும் விழுந்தது. பெரிய சுவர்க் கடிகாரம் மணி அடிக்குமுன் ஒரு மெட்டு வாசிக்குமே, அதன் கடைசி வரியை நான் அட்சரம் பிசகாமல் பாடியிருந்தேன். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கோவிலில் இன்றுவரை எனக்கு மணிக்கூண்டு என்றுதான் பெயர்.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, “இன்னொரு தடவை பாடுங்க. இன்னும் கீழ. யாரையும் எழுப்பாம பாடுங்க” என்றீர்கள். நான் திருத்திப் பாட வேண்டும் போல என்று நினைத்து, சரியான சுரம் எது என்று கேட்டேன். அதையே பாடச் சொன்னீர்கள். பாடினேன். வயலின்களை நிறுத்தச் சொல்லி, வெறும் குரலைப் படத்தோடு ஓட்டச் சொன்னீர்கள். அப்போதுதான் நாங்கள் எல்லாருமே பார்த்தோம், அந்த வீட்டின் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மஞ்சுநாத் சாரே அதைக் கவனித்திருக்கவில்லை. “தினமும் மணி அடிச்சா டிஃபன் பாக்ஸை எடுத்துண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பறவ. இன்னிக்கும் மணி அடிக்கறது. கிளம்பத்தான் ஆள் இல்லை” என்று நீங்கள் சொன்னதும் நாகேஷ் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த இரண்டு நாள் உட்கார்ந்து வயலின்களுக்கு எழுதியதையெல்லாம் கலைத்து, என் தப்பைச் சுற்றித் திருப்பி எழுதினீர்கள். நாற்பது வருஷம் படித்த படிப்பை ஒரு மெழுகுவத்திக் கடைக்காரியின் தப்புக்காக வளைத்தீர்கள். ராகத்தின் பெயரைக்கூடச் சொன்னீர்கள், நான் மறந்துவிட்டேன். நான் தப்புச் செய்த இடத்தில் என்னை நிற்க வைத்து, அந்த இடத்தையே சரியான இடமாக ஆக்கினவர் என் வாழ்க்கையில் நீங்கள் ஒருவர்தான். இதற்குத்தான் அக்கா நன்றி. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

கடையில் ஆள் வந்துவிட்டார்கள். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மதியம்

நேற்று நல்லதையெல்லாம் எழுதிவிட்டேன். இன்று மற்றதை எழுத வேண்டும் என்பதால் காலையிலிருந்து கடைத் தூசியைத் துடைத்துத் துடைத்து நேரத்தைக் கடத்திவிட்டேன்.

படத்தில் ஆட்டோக்காரன் கல்யாணத்துக்குக் கவின் போட்ட மீட்டர் பாட்டு அதற்குள் ஊரெல்லாம் ஓட ஆரம்பித்திருந்தது. ஆட்டோ ஸ்டாண்டில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், பிள்ளைகள் போனில், எங்கே பார்த்தாலும் அதுதான். தயாரிப்பாளர் கிருஷ்ணப்பா சாருக்குத் தலைகால் புரியவில்லை. சந்தாபுராவிலிருந்து காரில் வந்து இறங்கி, “பாட்டு ஹிட் ஆகோய்டுச்சு மேடம். அதையே சோகமா வாசிச்சு எல்லா சீன்லயும் விட்டுடுங்க. ஜனங்களுக்குத் தெரிஞ்ச ட்யூன் வந்தாத்தான் ஒட்டும்” என்று உங்களிடம் சொன்னார். மற்ற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், துணி காயும் காட்சியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றீர்கள். அவர் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இந்தம்மா பாட்டா பாடுது, கடிகாரம் மாதிரி அடிக்குது, சாவு வீட்டில் கடிகாரம் எதற்கு என்று கேட்டார். நீங்கள், பவுலினுடைய குரல் போனால் என் பெயரும் போகட்டும் என்று சொல்லிவிட்டு வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினீர்கள். நான் அப்போது வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள்.

அது நடந்து எட்டாவது நாள் கிருஷ்ணப்பா சார் எங்கள் ஆறு பேரையும் மறுபடி கூப்பிட்டார். அதே காட்சிக்கு மீட்டர் பாட்டை மெதுவாக ஹம்மிங் பாட வேண்டும், முதல் இரண்டு வரி பவுலின் தனியாக என்றார். நான் போனேன். பாடினேன்.

நாகேஷ் உங்களிடம் சொல்லியிருப்பார். அன்று சாயங்காலமே உங்கள் படம் என் போனிலிருந்து மறைந்துவிட்டது. ஏன் பாடினாய் என்று நீங்கள் கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் உண்மையைச் சொல்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் சம்மதித்துவிட்டீர்கள் என்று யாரும் என்னை ஏமாற்றவும் இல்லை. நீங்கள் ஏன் வெளியே போனீர்கள் என்று தெரிந்தேதான் போனேன். மீட்டர் பாட்டு எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதில் என் குரல் வந்தால் விவேக் நகர் முழுக்க, பாரு நம்ம பவுலின் என்று சொல்லும். உங்கள் நான்கு சுரத்தைக் கேட்டு யார் என்னைக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் கீழே நின்றவளுக்கு ஒரே ஒரு தடவை மேலே நிற்க ஆசை வந்தது. அந்த ஆசைக்கு உங்களை விற்றுவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு அது போதவில்லை, உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அல்சூரில் ஒரு சின்ன அரங்கத்தில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். நாற்பது பேர் இருக்கும். கிருஷ்ணப்பா சாரின் சொந்தக்காரர்கள், மஞ்சுநாத் சாரின் நண்பர்கள், நாங்கள். பாதிப் படத்தில் அந்தக் காட்சி வந்தது. அந்த மனிதன் கொடியிலிருந்து மனைவியின் புடவையை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறான். என் குரலில் மீட்டர் பாட்டு ஆரம்பித்தது. பின்னால் யாரோ தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்கள். ஒருவர் விசிலே அடித்துவிட்டார். அவர்கள்மேல் தப்பில்லை, அந்தப் பாட்டைக் கேட்டால் கை தானாகப் போகும், கவின் அப்படிப் போட்டிருக்கிறான். திரையில் அவன் அழுகிறான், இங்கே தாளம் நடக்கிறது. நான் நாற்காலிக்குள் எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கிருஷ்ணப்பா சாரின் மனைவி மமதா எழுந்து நின்றார். அதுவரை அந்த அம்மா படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. “ஈ ஹாடு இல்லி பேடா” என்றார். இந்தப் பாட்டு இந்த இடத்தில் வேண்டாம், அவ்வளவுதான். உனக்கு இதெல்லாம் தெரியாது, உட்கார் என்று கிருஷ்ணப்பா சார் அதட்டினார். மமதா அம்மா உட்காரவில்லை. அடுத்ததாகக் கவின் எழுந்தான். பாட்டே அவனுடையது, பேசாமல் இருந்திருக்கலாம். “சார், என் பாட்டு கல்யாணத்துக்குப் போட்டது. அதைக் கொண்டுவந்து எழவு வீட்டுல நிறுத்தாதீங்க. ராஜலக்ஷ்மி மேடம் போட்டதைப் போடுங்க” என்றான். ஈரோட்டிலிருந்து வந்து பகலெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனியில் தலையாட்டுகிற பையன், அன்று தலையை ஆட்டவில்லை.

பிறகு நான் எழுந்தேன். “சார், இதைப் பாடினது நான்தான். எடுத்துடுங்க சார், நல்லா இல்ல” என்றேன். உங்களுக்காகப் பேசினேன் என்று நினைக்காதீர்கள், அவ்வளவு நல்லவள் இல்லை நான். அந்தக் காட்சியில் என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

நாகேஷ் உங்கள் பதிவை அழிக்காமல் வைத்திருந்தார். அழிக்கச் சொன்னதாகவும், தான் மறந்துவிட்டதாகவும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டினார்கள். முடிந்ததும் கிருஷ்ணப்பா சார் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, “இருக்கட்டும்” என்றார். வயலின் மேடத்தின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். அவர் அம்மா இறந்த வீட்டிலும் கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லையாம். மமதா அம்மா பிறகு என்னிடம் சொன்னார். உங்களை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கிருஷ்ணப்பா சார் இரண்டு தடவை உங்கள் வீட்டுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனதை அம்புஜம் மாமி சொன்னார். அந்த மனிதர்மேல் இனிக் கோபம் வேண்டாம் அக்கா. கோபம் மிச்சமிருந்தால் என்மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நானும் அவரும் சந்தாபுராவுக்கே போய்ப் படம் பார்த்தோம். விவேக் நகர்ப் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் தெரிந்தவர்கள் நடுவில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். முழங்காலைப் பற்றி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போனேன். தியேட்டரில் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் ஃபேக்டரி வேலை முடிந்து நேராக வந்த பெண்கள். கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டர் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து ஆடினார்கள். அவரும் உட்கார்ந்தபடியே ஒரு காலால் ஆடினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் அந்தப் பாட்டைக் காதைக் குத்துகிற பாட்டு என்று கவினிடமே சொன்னது தப்பு. இதை உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஏனென்றால், விசிலடித்த அதே ஜனங்கள்தான் துணி காயும் காட்சி வந்தபோது அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். உங்கள் வயலின்கள் எங்கோ தூரத்தில் ஆரம்பித்தன. பிறகு அந்த நான்கு சுரம். அவ்வளவு பெரிய தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. இது என்ன ராகம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டியிருக்கவில்லை. ஆட வைத்த பாட்டையும் அழ வைத்த வயலினையும் அவர்கள் ஒரே காதால்தான் கேட்டார்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது கவின் தன் பாட்டை உங்கள் வயலின் மேல் மெதுவாக வைத்து முடித்திருக்கிறான். இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போடவில்லை. கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும்.

என் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், பச்சை ஓவர்கோட்டு, அடையாள அட்டை. என் குரல் வந்ததும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாருடைய கை என்று அவள் பார்க்கக்கூட இல்லை. மூன்று நிமிடமும் பிடித்துக்கொண்டிருந்தாள். பாடுவது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த ஆசைக்காக உங்களை விட்டேனோ அது கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. காட்சி முடிந்ததும் “சாரிங்க” என்று கையை எடுத்துக்கொண்டாள். பரவாயில்லை என்றேன்.

வெளியே வந்ததும் அவர், “நீதானா அது? வீட்ல ஒரு நாளும் இவ்ளோ மெதுவா நீ பேசினதில்லையே” என்றார். பஸ் வருகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் மதலைமுத்து என்னைப் பாராட்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்குப் புனேயில் நம் படம் ஒரே ஒரு காட்சி ஓடுகிறது. கவினோடு படித்தவர்கள் சிலர் அங்கே வேலையில் இருக்கிறார்கள், அவர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தியேட்டர் உங்கள் தம்பி வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரமாம். டிக்கெட்டை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இருக்கை எஃப் 11. எஃப் 12 என்னிடம் இருக்கிறது. வேளாங்கண்ணியைத் தாண்டி நான் எங்கும் போனதில்லை, சனிக்கிழமை ரயில் ஏறுகிறேன். கடையை அவர் பார்த்துக்கொள்வார். எந்த மெழுகுவத்தி என்ன விலை என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் வருவேன்.

நீங்கள் என்னோடு பேச வேண்டாம். மன்னித்தேன் என்றும் சொல்ல வேண்டாம். விளக்கை அணைத்த பிறகு வந்து உட்கார்ந்து, விளக்குப் போடுமுன் எழுந்து போய்விடுங்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். உங்கள் இசையை நீங்கள் கண்ணாடி அறைக்குள் மெஷினோடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஜனங்களோடு ஒரு தடவை கேளுங்கள். அதற்குப் பிறகும் வயலினை யாருக்காவது கொடுத்துவிடத் தோன்றினால், நானே அம்புஜம் மாமியிடம் போய்ச் சொல்கிறேன்.

உங்கள் விரல்களை ஆண்டவர் பத்திரமாக வைத்திருக்கட்டும். உங்கள் மனதுக்கு அவர் கொஞ்சம் இளக்கம் தரட்டும்.

படம் ஆரம்பித்த பிறகும் எஃப் 11 காலியாக இருந்தால், அதன்மேல் என் பையை வைக்க மாட்டேன். இந்தச் சீட்டுக்கு ஆள் உண்டா என்று யார் கேட்டாலும், வருகிறார்கள் என்று சொல்வேன். படம் முடிகிறவரை அப்படித்தான் சொல்வேன் அக்கா.

இப்படிக்கு,
உங்கள் தங்கை என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படுகிற
பவுலின்